இது ஒழுகும் லீக் இல்லை

(நமது குடியிருப்பின் பொங்கல் சந்திப்பில், ஜனவரி 2025, கம்யூனிட்டி ஹாலில் பேசியது. கேட்க வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுதித் தந்திருக்கிறேன்.)

 

"லீக் பற்றி ஆன்ட்டி பேசுவார்கள்" என்று செக்ரட்டரி சார் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதும், கடைசி மாடியிலிருந்து மூன்று பேர் எனக்கு போன் செய்தார்கள். ஒருவர் தன் பெட்ரூம் சீலிங் போட்டோவையே அனுப்பிவிட்டார். "எப்போ மேடம் சரி பண்ணப் போறீங்க?" என்று கேட்டார். மன்னிக்க வேண்டும். நான் பேச வந்தது ஒழுகும் லீக் பற்றி அல்ல, தொட்டியில் வளரும் லீக் பற்றி. ஆனால் இரண்டுக்கும் கொஞ்சம் சம்பந்தம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் பி.காம். படித்தவள். வங்கியில் கிளார்க்காக இருந்து 2019-ல் ஓய்வு பெற்றேன். விவசாயம் படித்ததில்லை. தொட்டியில் செடியைச் சாகடித்துச் சாகடித்துக் கற்றுக்கொண்டதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஊட்டிக்குப் போனவர்கள் லீக்ஸ் பார்த்திருப்பீர்கள். வெங்காயத்தாளின் பெரியண்ணன் மாதிரி இருக்கும். அடித்தண்டு வெள்ளை, மேலே பட்டையான பச்சை இலை. இலங்கையில் நுவரெலியாப் பக்கம் இது சாதாரணக் காய்கறி. லீக்ஸ் பொரியல் இல்லாமல் அங்கே சாப்பாடு இறங்காது என்பார்கள். நானும் ஆசைப்பட்டு விதை வாங்கி நம் பால்கனியில் போட்டேன். தலைமுடி மாதிரி முளைத்தது. ஏப்ரல் வெயிலில் அப்படியே படுத்துவிட்டது. அது குளிர்ச்சியைத் தேடும் பயிர். அதோடு இரண்டு வருடப் பயிர். முதல் வருடம் தண்டு, அடுத்த வருடம் பூ, அத்தோடு கணக்கு முடிந்தது.

ஆனால் அதே குடும்பத்தில் வருடக்கணக்காக இருக்கும் வகைகளும் உண்டு. நமக்கு, அதாவது சென்னை மாதிரி சூடான ஊருக்கு, ஒத்துவருவது ஒன்று இருக்கிறது. சீன லீக் என்பார்கள். நர்சரியில் "கார்லிக் சைவ்ஸ்" என்று கேட்டால் கிடைக்கும். மலேசியாவில் குச்சாய், ஜப்பானில் நிரா. நம் குடியிருப்பில் அதற்குப் பெயர் பூண்டுக்கீரை. அந்தப் பெயரை வைத்தது யார் என்று பிறகு சொல்கிறேன்.

பார்க்கப் புல் மாதிரி இருக்கும். இலை தட்டையாக இருக்கும். வெங்காயத்தாள் போல உள்ளே குழல் கிடையாது. கிள்ளி முகர்ந்தால் பூண்டு வாசம். கீழே பெரிய வெங்காயமும் கிடையாது, பூண்டும் கிடையாது. தடித்த வேர்த்தண்டிலிருந்து ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகக் குருத்து விட்டு, தூர் கட்டிக்கொண்டே போகும். வெட்ட வெட்ட வளரும்.

சீனாவில் பங்குச் சந்தையில் ஏமாறும் சிறு முதலீட்டாளர்களைக் கிண்டலாக இந்தக் கீரையின் பெயரைச் சொல்லித்தான் அழைக்கிறார்கள். அறுத்தால் மறுபடி முளைத்து அடுத்த அறுப்புக்குத் தயாராக நிற்பார்களாம். கவுண்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில் அப்படி எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஒரு சீட்டுக் கம்பெனியில் பணத்தை விட்டுவிட்டு, அடுத்த கம்பெனிக்குக் கட்டுவதற்கு டெபாசிட்டை உடைக்க வருவார்கள். அது வேறு பேச்சு.

எனக்கு இந்தச் செடி 2019-ல் வந்தது. இரண்டாவது மாடியில் அப்போது ஒரு மணிப்பூர் குடும்பம் இருந்தது, சிலருக்கு ஞாபகம் இருக்கும். மாற்றலாகிப் போகும்போது அந்தப் பெண் ஒரு தூரை வேரோடு எடுத்துச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தாள். அவர்கள் ஊரில் இதற்கு மரோய் நகுப்பி என்று பெயராம். அவள் வீட்டுப் பெரியவர்கள் வெங்காயம், பூண்டு சேர்க்க மாட்டார்களாம். அந்த இடத்தில் இந்த இலைதான். "ஆன்ட்டி, இதைப் பிரிச்சு வைக்கணும். ஒரே தொட்டியில விட்டுடாதீங்க" என்று போகும்போது சொன்னாள். தலையை ஆட்டினேன்.

ஆனால் பிரிக்கவில்லை. 12 அங்குலத் தொட்டி ஒன்றில் நட்டேன். அடர்த்தியாக, அழகாக வந்தது. அதைக் கலைக்க மனசு வரவில்லை. பார்க்க வந்தவர்கள் கேட்டால், "இன்னும் கொஞ்சம் பெருகட்டும், தர்றேன்" என்பேன். மூன்றாவது மாடி மாமி இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் அடுத்த மாதம் என்றேன். இப்போது அவர் நம்மிடையே இல்லை. ஒரு பிடி கீரைதான். ஆனாலும் அந்தத் தொட்டிப் பக்கம் போகும்போதெல்லாம் அது ஞாபகம் வரும்.

மூன்றாவது வருடம் இலை மெலிந்தது. முன்பு அரை விரல் அகலம் இருந்தது, நூல் மாதிரி ஆனது. நடுவில் காய்ந்து வழுக்கை விழுந்தது. பூ மட்டும் நிறைய வந்தது. உரம் போதவில்லை என்று நினைத்து உரத்தைக் கொட்டினேன். உண்மையில் உள்ளே மண்ணே இல்லை, எல்லாம் வேர். வைக்கோல் பிரி மாதிரிச் சுற்றிக் கிடந்தது. போட்ட உரமும் ஊற்றிய தண்ணீரும் ஓரமாக ஓடிப் போய்க்கொண்டிருந்தன.

2022 நவம்பரில் மகள் பிரசவத்துக்காக புனே போனேன். டிசம்பரில் மாண்டஸ் புயல். தொட்டியின் அடியில் தண்ணீர் தரையில் வழியக் கூடாது என்று தட்டு வைத்திருந்தேன். இரண்டு மாதம் கழித்து வந்து பார்த்தால், தட்டு நிறையப் பச்சைத் தண்ணீர். தூரைத் தொட்டால் கையோடு கொழகொழவென்று வந்தது. மூக்கை மூடிக்கொண்டு குப்பையில் போட்டேன். ஒரு குருத்துகூட மிஞ்சவில்லை.

அன்று குப்பைப் பையை வாங்க வந்த நம் ஹவுஸ்கீப்பிங் அக்கா முகர்ந்து பார்த்து, "ஐயோ, பூண்டுக்கீரை போச்சா?" என்றார். பெயர் வைத்தது அவர்தான். "நம்மகிட்ட இருக்குக்கா, வாங்க" என்று மோட்டார் ரூம் பின்பக்கம் கூட்டிப் போனார். அங்கே பழைய பெயின்ட் பக்கெட் ஒன்றில் கத்தை கத்தையாக நின்றது. ஒரு வருடம் முன்பு, தொட்டி ஓரத்தில் பிதுங்கி வெளியே வந்த ஐந்தாறு குருத்தைக் கேட்டு வாங்கிப் போயிருந்தார். அதையும் நான் சந்தோஷமாகக் கொடுத்தேன் என்று சொல்ல முடியாது. அவர் பக்கெட்டின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்திருந்தார். அதே புயல், அதே மழை. அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

அங்கேயே உட்கார்ந்து 30 குருத்து எண்ணிப் பிரித்துக் கொடுத்தார். நான் கேட்கக்கூட இல்லை.

பி.காம். முதல் வருடத்தில் கணக்குப்பதிவியலில் ஒரு விதி சொல்லித் தருவார்கள். பெறுபவர் கணக்கில் பற்று, தருபவர் கணக்கில் வரவு. தேர்வில் எழுதினேன், 30 வருடத்துக்கு மேல் லெட்ஜரிலும் எழுதினேன். அதற்கு அர்த்தம் அந்த மோட்டார் ரூம் பின்னால்தான் புரிந்தது. பெரிய தொட்டி என்னுடையது என்று இருந்தேன். கடைசியில் எனக்கு மிஞ்சியது நான் அரை மனதோடு கொடுத்த ஆறு குருத்துதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பிரிப்பது எப்படி?

எப்போது: மழை நின்று, வெயில் ஏறாத தை, மாசி மாதம் நல்லது. தவறினால் ஆடி, ஆவணி. சித்திரை, வைகாசியில் தொட வேண்டாம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை போதும். இலை மெலிந்தாலோ, நடுவில் காய்ந்தாலோ, தொட்டி அடி ஓட்டையில் வேர் எட்டிப் பார்த்தாலோ நாள் வந்துவிட்டது என்று அர்த்தம்.

முதல் நாள் மாலை நன்றாகத் தண்ணீர் விடுங்கள். மறுநாள் இலைகளை நான்கு விரல் உயரம் விட்டு வெட்டிவிடுங்கள். வேரைக் கலைத்த பிறகு முழு இலைக்கும் தண்ணீர் கொடுக்க அதனால் முடியாது. வெட்டிய இலை அன்றைய பொரியலுக்கு.

பிறகு தொட்டியைச் சாய்த்து, விளிம்பைத் தட்டி, மண்ணோடு மொத்தமாக வெளியே எடுங்கள். வரவில்லையென்றால் பழைய தோசைத் திருப்பியை ஓரமாக விட்டு ஒரு சுற்றுச் சுற்றுங்கள். எடுத்த தூரை ஒரு வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் ஊற வையுங்கள். மண் கரைந்து வேர் தளரும். இல்லாவிட்டால் சிக்குத் தலையைச் சீப்பு போட்டு இழுத்த மாதிரி ஆகிவிடும்.

இப்போது அடியைப் பாருங்கள். குருத்துகள் எல்லாம் ஒரு பழுப்பு வேர்த்தண்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகப் பிளந்தாலே பிரியும். பிரியாத இடத்தில் மட்டும் கத்தி. நடுவில் இருக்கும் கிழட்டுப் பகுதி, மெத்தென்று அழுத்தினால் அமுங்குவது, கெட்ட வாடை வருவது, எல்லாவற்றையும் தூக்கிப் போடுங்கள். ஓரத்தில் இருக்கும் புதுக் குருத்துதான் நமக்கு வேண்டியது. நீண்ட வேரை மூன்று விரல் அளவுக்கு வெட்டிவிடலாம். பயப்பட வேண்டாம், புது வேர் வரும்.

ஐந்திலிருந்து எட்டுக் குருத்து ஒரு கத்தை. ஒற்றைக் குருத்தாக நட்டாலும் பிழைக்கும், ஆனால் வெட்டிச் சாப்பிட ரொம்ப நாள் ஆகும். 8 அல்லது 10 அங்குலத் தொட்டிக்கு ஒரு கத்தை. நீளத் தொட்டி என்றால் கத்தைக்குக் கத்தை ஒரு சாண் இடைவெளி. மண் கலவை செம்மண், நார்க்கழிவு, மண்புழு உரம் சம அளவு. கூடவே ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு. அடியில் இருக்கும் வெள்ளைப் பகுதி மண்ணுக்குள் இருக்க வேண்டும், பச்சை வெளியே. நட்டுத் தண்ணீர் விட்டு, ஒரு வாரம் நிழல். அப்புறம் வெயிலுக்கு நகர்த்துங்கள். நான்கைந்து மணி நேரம் வெயில் கிடைத்தால் போதும். கிழக்குப் பார்த்த பால்கனி ரொம்ப நல்லது. மேற்குப் பார்த்த வீட்டுக்காரர்கள் கோடையில் மதிய வெயிலுக்கு ஒரு மறைப்பு கட்டுங்கள்.

முதல் இரண்டு மாதம் வெட்டக் கூடாது. இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். முதல் போட்டு மறுநாளே வட்டி கேட்க முடியாது. வேர் பிடித்த பிறகு, இலை ஒரு சாணுக்கு மேல் வந்ததும், மண்ணிலிருந்து இரண்டு விரல் விட்டுக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். பிடித்து இழுக்காதீர்கள், குருத்தே வந்துவிடும். ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் மூன்று, நான்கு வாரம் விடுங்கள். வெட்டிய பிறகு ஒரு பிடி மண்புழு உரம் தூவுங்கள். மூன்று தொட்டி இருந்தால் முறை வைத்து வெட்டலாம், மாதம் முழுக்கக் கிடைக்கும்.

தண்ணீர்: விரலை ஒரு கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் விட வேண்டாம். வெயில் காலத்தில் தினமும் தேவைப்படும், மழைக்காலத்தில் தேவையே இருக்காது.

பூச்சி: அவ்வளவாக வராது. கறுப்பு அசுவினி சில சமயம் குருத்தில் அப்பிக்கொள்ளும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும். மீதிக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டு சோப்புக் கரைசல், மாலை நேரத்தில் தெளியுங்கள். மொத்தமாக வந்துவிட்டால் இலையை ஒட்ட வெட்டி எறிந்துவிடுங்கள். அது மறுபடி வரும், அதுதானே அதன் குணம்.

பூ வெள்ளையாக, நட்சத்திரம் மாதிரி அழகாக இருக்கும். மொட்டாக இருக்கும்போதே தண்டோடு வெட்டி வதக்கினால் பீன்ஸ் மாதிரி இருக்கும். அப்படியே விட்டால் கறுப்பு விதை உதிர்ந்து பக்கத்துத் தொட்டியெல்லாம் முளைக்கும். விதையிலும் வளர்க்கலாம். ஆனால் புது விதையாக இருக்க வேண்டும், முளைக்க இரண்டு மூன்று வாரம் ஆகும், வெட்டுகிற அளவுக்கு வர ஒரு வருடம்கூட ஆகலாம். பிரித்து நடுவதே சுலபம்.

சமையல் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: கடைசியில் போடுங்கள். ரொம்ப நேரம் வதங்கினால் வாசம் போய்விடும். ஆம்லெட், உருளைக்கிழங்கு பொரியல், அடை மாவு, எதில் போட்டாலும் நன்றாக இருக்கும். என் பேரன் தோசையில் தூவினால்தான் சாப்பிடுகிறான்.

இப்போது மூன்று எச்சரிக்கை. தயவுசெய்து பக்கத்தில் பேசுவதை நிறுத்திவிட்டு இதைக் கேளுங்கள்.

முதலாவது, நம் கேட்டுக்குப் பக்கத்துப் பாத்தியில் ஓரமாக வரிசையாக இருக்கிறதே, மழை பெய்தால் வெள்ளைப் பூ பூக்கும், ரெயின் லில்லி. அதன் இலையும் இதே மாதிரிதான் இருக்கும். அது விஷம். வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். போன வருடம் ஒரு பையன் ஒரு பிடி அதைப் பிடுங்கிக்கொண்டு வந்து, "ஆன்ட்டி, இதுதானே?" என்றான். கேட்காமல் நேராக வீட்டுக்குக் கொண்டு போயிருந்தால்? ரெயின் லில்லிக்குப் பூண்டு வாசம் கிடையாது. ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஏற்கெனவே பூண்டுக்கீரையைத் தொட்ட கையோடு எதை முகர்ந்தாலும் பூண்டு வாசம்தான் வரும். கையைக் கழுவிவிட்டு, ஒவ்வொரு கத்தையையும் தனியாகக் கிள்ளி முகருங்கள். வாசம் இல்லையென்றால் சட்டிக்குப் போகக் கூடாது. இரண்டையும் ஒரே தொட்டியில், பக்கத்துப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம்.

இரண்டாவது, நாய், பூனை வைத்திருப்பவர்கள். வெங்காயக் குடும்பம் முழுக்க அவற்றுக்கு ஆகாது, ரத்தத்தின் சிவப்பணுவைக் கெடுக்கும். எட்டாத உயரத்தில் வையுங்கள்.

மூன்றாவது, ஆரம்பத்தில் சொன்ன அந்த இன்னொரு லீக். மொட்டைமாடியில் தொட்டி வைக்கலாமா கூடாதா என்று அடுத்த பொதுக்குழுவில் பேசப் போகிறோம். கடைசி மாடிக்காரர்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. சீலிங் ஊறினால் அவர்களுக்குத்தான் தெரியும். 12 அங்குலத் தொட்டி ஈரமாக இருக்கும்போது 15 கிலோவுக்குக் குறையாது. அதைத் தரையோடு வைத்தால் அடியில் ஈரம் காயாது. மழைநீர் இறங்கும் குழாய் வாயில் வைத்தால் மண்ணும் சருகும் அடைத்துத் தண்ணீர் தேங்கும். தட்டில் தண்ணீர் நின்றால் செடியும் அழுகும், கொசுவும் வளரும். ஹவுஸ்கீப்பிங் அக்கா செங்கல் மேல் பக்கெட்டைத் தூக்கி வைத்தாரே, அதையே நாம் விதியாக வைத்துக்கொள்ளலாம். தொட்டிக்கு ஸ்டாண்ட், தட்டு வேண்டாம், குழாய் வாயிலிருந்து தள்ளி, கைப்பிடிச் சுவர் மேல் கூடவே கூடாது. இந்தக் கீரைக்கு மொட்டைமாடியே தேவையில்லை, பால்கனியில் ஒரு தொட்டி போதும். அதனால் தடை வந்தாலும் எனக்கு நஷ்டம் இல்லை. ஆனால் மாடியை நம்பித் தக்காளி, கத்தரி போட்டிருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். கேட்டு நடந்தால் தடை போட வேண்டிய அவசியம் வராது.

மேடைக்குப் பக்கத்தில் இரண்டு வாளி இருக்கிறது, பார்த்தீர்களா? நேற்று என் நான்கு தொட்டியைப் பிரித்தேன். 26 கத்தை வந்திருக்கிறது. ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இன்றோ நாளையோ நட்டுவிடுங்கள். முதல் கத்தையை இன்று காலையே மூன்றாவது மாடியில், மாமியின் மருமகளிடம் கொடுத்துவிட்டேன்.

இலவசம்தான், ஆனால் கணக்கு உண்டு. அங்கே ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பிளாட் எண்ணும் தேதியும் எழுதுங்கள். 2027 பொங்கலுக்கு உங்கள் தொட்டியைப் பிரிக்க வேண்டும். அசலை எனக்குத் திருப்பித் தர வேண்டாம். புதிதாகக் குடி வந்த வீடு ஒன்றுக்கு ஒரு கத்தை கொடுத்துவிட்டு, அந்த பிளாட் எண்ணை நோட்டில் எழுதுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் காலி செய்யும்போது கொண்டு போகலாம், ஆனால் பாதியை இங்கே விட்டுவிட்டுப் போங்கள். யாருடைய தொட்டியாவது அழுகிப் போனால் வெட்கப்படாமல் நோட்டைப் புரட்டி, யாரிடம் இருக்கிறது என்று பார்த்துப் போய்க் கேளுங்கள். நானும் ஒருநாள் கேட்க வரலாம்.

நோட்டின் முதல் வரியில் என் பெயர் இல்லை. இரண்டாவது மாடி மணிப்பூர் குடும்பம் என்று எழுதியிருக்கிறேன். இரண்டாவது வரியில் ஹவுஸ்கீப்பிங் அக்கா. அவர் இன்று பின்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். நடுவதில் சந்தேகம் இருந்தால் என்னைவிட அவரைக் கேளுங்கள். அவர் பக்கெட் இன்னும் மோட்டார் ரூம் பின்னால் இருக்கிறது.

பேனா நோட்டோடு கட்டி வைத்திருக்கிறது. வங்கிப் பழக்கம், விடமாட்டேன். எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.